தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்த கார் எஞ்சினுக்குச் சூப்பர்சார்ஜர் பூட்டினேன்: கந்தளாய் வீதியில் கற்றது

2024 ஆவணி. கச்சான் காற்று ஓங்கி அடித்த ஒரு பிற்பகல். கொழும்பிலிருந்து ஏ6 வீதியால் வந்து கந்தளாயைத் தாண்டியிருந்தேன். முன்னால் மணல் ஏற்றிய டிப்பர் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. வீதி நேராகக் கிடந்தது, எதிரே ஒரு வாகனமும் இல்லை. கியர் இறக்காமல் நான்காம் கியரிலேயே எக்சிலேற்றரை அடிவரை அழுத்தினேன். எஞ்சின் அப்போது நிமிடத்துக்கு 2800 சுற்றில் இருந்திருக்கும்.

டிப்பரின் பின் ரயரைத் தாண்டும்போது அந்தச் சத்தம் கேட்டது. தகர டின்னுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல. இரண்டு விநாடி, மிஞ்சிப்போனால் மூன்று. காலை எடுத்ததும் நின்றுவிட்டது. தம்பலகாமம் சந்தியில் வேகம் குறைத்தபோது கார் நடுங்கியது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப் புகை.

அந்த இடத்திலேயே நிறுத்தி, காரைத் தூக்கிச் செல்ல ஆளைக் கூப்பிட்டிருக்க வேண்டும். வீடு கிட்டத்தானே என்று மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தேன். அந்தக் கடைசித் தூரம் எனக்கு ஒரு சிலிண்டர் சுவரைத் தின்றது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கார், டொயோட்டா 86. 2013இல் ஜப்பானில் பதிவானது, 2018இல் நான் வாங்கினேன். திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் இருக்கிறேன். எனக்குத் தொழில் ஏசியும் மீன் குளிரறையும் திருத்துவது. நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்கள்தான் பெரும்பாலும் வாடிக்கை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், அடுத்த வருடங்களில் பழைய கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது. இன்னும் வேகமான ஒரு கார் வாங்குவது என்ற பேச்சே வீட்டில் எடுபடாத காலம். காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும் சூப்பர்சார்ஜர் ஒன்றைப் பூட்டி, இருக்கிற காரையே பலமாக்கினால் என்ன என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. என்னைப் போலப் பலருக்கும் அந்த எண்ணம் வந்ததை அறிவேன். இதை எழுதுவது அவர்களுக்காகத்தான்.

86இன் எஞ்சினைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் அபாயம் அங்கேயே தொடங்குகிறது. சுபாரு செய்த எஃப்ஏ20, இரண்டு லீற்றர், சிலிண்டர்கள் படுத்துக் கிடக்கும் பொக்ஸர் அமைப்பு. சிலிண்டரின் விட்டமும் பிஸ்டனின் ஓட்டமும் 86 மில்லிமீற்றர். பிழிவு விகிதம், அதாவது சிலிண்டருக்குள் வந்ததை பிஸ்டன் எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற கணக்கு, 12.5க்கு 1. சூப்பர்சார்ஜரோ டர்போவோ இல்லாமல், காற்றைத் தானே இழுத்து 200 குதிரைவலு தருவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். தொழிற்சாலையிலேயே டர்போவோடு வரும் எஞ்சின்களில் இந்த விகிதம் பொதுவாக 9க்கும் 10.5க்கும் இடையில்தான் இருக்கும். வெளியிலிருந்து காற்றைத் திணிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் எகிறும் என்பதால் முன்கூட்டியே இடம் விட்டு வைக்கிறார்கள். 86இல் அந்த இடம் இல்லை. போதாததற்கு, ஜப்பானில் அதற்கு விதித்தது உயர் ஒக்டேன் பெற்றோல் (அமுக்கும்போது தானாக வெடிக்காமல் தாங்கும் அளவுதான் ஒக்டேன்), அங்கே அது பெரும்பாலும் 100 அளவில் கிடைக்கும். நாங்கள் ஊற்றுவது 95. ஒன்றுமே பூட்டாத நிலையிலேயே கையிருப்பில் கொஞ்சம் செலவாகிவிட்டது.

கையிருப்பு என்று சொல்வதை விளக்கவேண்டும். தரம் குறைந்த பெற்றோல், அடைத்த ஃபில்டர், பாலைவனச் சூடு, கவனமில்லாத ஓட்டுநர் எல்லாம் ஒரே நாளில் சேர்ந்து வந்தாலும் எஞ்சின் தாங்கவேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் ஒரு கொம்பனி அதைச் செய்கிறது. அந்த மிச்சம்தான் கையிருப்பு. சூப்பர்சார்ஜர் தரும் மேலதிக வலு அந்தக் கையிருப்பிலிருந்துதான் வருகிறது. ஆகவே, "இந்த எஞ்சின் 7 பிஎஸ்ஐ தாங்குமா" என்று, திணிக்கும் அழுத்தத்தின் எண்ணை மட்டும் வைத்துக் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். தாங்கும், நல்ல நாளில். கெட்ட நாளில் என்ன மிஞ்சியிருக்கும் என்பதுதான் கேள்வி. அதை என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை.

மெல்பனில் இருக்கும் மச்சான் ஒருவர் தன் காரிலிருந்து கழற்றிய கிட் ஒன்றை 2023இல் அனுப்பினார். இரட்டைத் திருகு வகை, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மனிஃபோல்டின் மேல் உட்காரும். சூடான காற்றை ஆற்றுவதற்குத் தண்ணீர் ஓடும் இன்டர்கூலர் உள்ளே இருக்கிறது. அந்தத் தண்ணீரைச் சுற்றவைக்கச் சின்ன மின்பம்ப் ஒன்று, முன் பம்பருக்குப் பின்னால் தண்ணீரை ஆற்றும் சின்ன ரேடியேட்டர் ஒன்று. 2024 தை மாதம் கொழும்புப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் பூட்டி, ஓர் இரவு, சக்கரத்தின் வலுவை அளக்கும் டைனோவில் ஏற்றி, எஞ்சின் கணினியை அதற்கேற்ப டியூன் செய்தார்கள். உச்ச பூஸ்ட், அதாவது வெளிக்காற்றுக்கு மேல் திணிக்கும் அழுத்தம், 7 பிஎஸ்ஐ. சக்கரத்தில் முன்பு 160 குதிரைவலு காட்டிய கார் 225 காட்டியது. வேலை சுத்தமாக இருந்தது. காற்று, பெற்றோல் கலவையை 11.7க்கு 1 அளவில் வைத்திருந்தார்கள். சாதாரண ஓட்டத்துக்கு 14.7க்கு 1 சரி, பூஸ்டில் அது பெற்றோல் போதாத வறண்ட கலவை. பூஸ்டில் பெற்றோல் கூடுதலாகப் போனால்தான் உள்ளே சூடு தணியும். எரிபொருள் பக்கத்தில் என் காருக்குக் குறை இல்லை.

ஏழு மாதம் அந்தக் கார் எனக்குத் தந்த சந்தோசத்தை மறைக்க மாட்டேன். காலையில் குச்சவெளி வரை வேலைக்குப் போகும்போது, கடல் வலது பக்கம் வர, மூன்றாம் கியரில் லேசாக அழுத்தினாலே முதுகை இருக்கையோடு ஒட்டவைக்கும் அந்த இழுவை. பூட்டக்கூடாது என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை.

ஆவணியில் நடந்ததற்கு வருகிறேன். கிண்ணியாவில் ஒரு நானா கராஜ் வைத்திருக்கிறார். படகு எஞ்சினில் தொழில் பழகியவர், பிறகு கார்களுக்கு வந்தவர். அன்று மாலையே அவரைக் கூப்பிட்டேன், வீட்டுக்கே வந்தார். பொனட்டைத் திறந்து, எஞ்சின் ஓடும் சத்தத்தை ஒரு நிமிடம் கேட்டார்.

"நிப்பாட்டுங்க தம்பி. இதை இனி ஸ்டார்ட் பண்ண வேணாம். எங்க வச்சு சத்தம் கேட்டிச்சு?"

"கந்தளாய் தாண்டி, நானா."

"அங்கிருந்து ஓட்டிட்டா வந்தீங்க?"

நான் பேசவில்லை. அவர் குனிந்து முன்னாலிருந்த அந்தச் சின்ன ரேடியேட்டரைத் தொட்டார். பிறகு சூப்பர்சார்ஜரின் உடம்புக்குக் கிட்ட கையைக் கொண்டுபோய் உடனே எடுத்தார்.

"இது குளிர்ந்து கிடக்கு, அது நெருப்பாக் கொதிக்குது. தண்ணி ஓடேல்ல தம்பி."

ஏசி திருத்துகிறவனுக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. வெளியே சூட்டைத் துறக்கும் கொயில் குளிர்ந்தும், கொம்பிரசர் கொதித்தும் கிடந்தால் சுற்று நின்றுவிட்டது என்று அர்த்தம். பம்பின் இணைப்பியைக் கழற்றிப் பார்த்தோம். பித்தளை முள் இரண்டும் பச்சை பூத்து, ஒன்று பொடியாய் உதிர்ந்தது. என் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். கடல் காற்றில் ஏசியின் வெளி யூனிட்டுக்கு என்ன நடக்கிறது என்பதை மாதம் பத்துத் தடவை பார்க்கிறவன் நான். அதே உப்பு பம்பருக்குப் பின்னால் நிலத்தோடு கிடக்கும் ஓர் இணைப்பியையும் தின்னும் என்பதை நினைக்கவில்லை. பம்ப் எந்த நாளில் நின்றது என்பதே தெரியாது. மெதுவாக ஓடும்போது பூஸ்ட் இல்லை, ஆகவே வித்தியாசமும் தெரிந்திராது.

ஏன் தெரியவில்லை என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு இன்னும் வலிக்கும் இடம். நான் கவனமில்லாமல் ஓட்டவில்லை. காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி கருவி பூட்டி, உள்ளே போகும் காற்றின் சூட்டை கைபேசித் திரையில் வைத்திருந்தேன். அன்றும் அது 46 டிகிரி என்று காட்டியது. கச்சான் வெயிலில் பொனட்டுக்குள் 46 என்பது பயப்படும் கணக்கில்லை. ஆனால் 86இல் அந்த உணரி, காற்றின் அளவை அளக்கும் மாஃப் உணரியோடு சேர்ந்து ஃபில்டர் பெட்டிக்குக் கிட்ட இருக்கிறது. அதாவது சூப்பர்சார்ஜருக்கு முன்னால். நான் பார்த்துக்கொண்டிருந்தது காற்றை இழுக்கும் சக்ஷன் பக்கத்தை. கொதித்துக்கொண்டிருந்தது அமுக்கித் தள்ளும் டிஸ்சார்ஜ் பக்கம். கொம்பிரசரின் இரண்டு பக்கத்திலும் கேஜ் வைக்காமல் எந்த ஏசியையும் நான் நம்பியதில்லை. என் சொந்தக் காரில் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து ஏழு மாதம் ஓடியிருக்கிறேன்.

கணக்கைப் பிறகு உட்கார்ந்து போட்டேன். 7 பிஎஸ்ஐ என்றால் வெளிக்காற்றைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அழுத்தம். 46 டிகிரிக் காற்றை அவ்வளவுக்கு அமுக்கினால், இழப்பே இல்லாத கற்பனை யந்திரத்தில்கூட 84 டிகிரிக்கு ஏறும். இந்த வகைச் சூப்பர்சார்ஜரின் திறனை நூற்றுக்கு 65 என்று வைத்தால் 100 டிகிரியைத் தாண்டிவிடும். இன்டர்கூலர் வேலை செய்தால் அது 55, 60க்கு இறங்கி எஞ்சினுக்குள் போகும். பம்ப் நின்றால் 100 டிகிரிக் காற்று அப்படியே உள்ளே. எஞ்சினின் கணினியும் அதே 46ஐத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. காற்று சூடாகிவிட்டது, தீப்பொறியைக் கொஞ்சம் பிந்தவை என்று அதற்குச் சொல்ல ஆளில்லை.

இத்தோடு நின்றிருந்தால்கூட எஞ்சின் பிழைத்திருக்கலாம். அன்று ஹபரணையில் நிறுத்தியபோது 95 முடிந்துவிட்டது என்றார்கள். அடுத்த நிலையம் வரை போகப் பொறுமையில்லை. அரைத் தொட்டி 95இன் மேல் 92 ஊற்றினேன். சீனக்குடாவில் 99 எண்ணெய்க் குதங்கள் நிற்கிற ஊர்க்காரன், வீட்டுக்கு 90 கிலோமீற்றருக்குள் வந்து அதைச் செய்தேன். மூன்றாவது, நான்காம் கியரில் குறைந்த சுற்றில் அடிவரை அழுத்தியது. உப்பு தின்ற இணைப்பி, கலந்த பெற்றோல், தவறான கியர். ஒவ்வொன்றும் தனியாக வந்திருந்தால் அந்த எஞ்சின் சமாளித்திருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். டைனோவில் ஏற்றிய அந்தத் தை மாத இரவில் வெளியே 26 டிகிரி, தொட்டியில் புது 95, பம்ப் புதிது. டியூன் அந்த இரவுக்குச் சரியாக இருந்தது.

அந்தக் கூழாங்கல் சத்தம்தான் நொக்கிங். பிளக் பற்றவைத்த தீ ஒழுங்காகப் பரவி முடிவதற்குள், மூலையில் மிஞ்சியிருக்கும் கலவை சூட்டாலும் அழுத்தத்தாலும் தானாக ஒரேயடியாக வெடிக்கிறது. அந்த அதிர்ச்சி அலை பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பதுபோல் அடிக்கும். பூஸ்ட் இல்லாத எஞ்சினில் லேசான நொக்கிங்கைக் கணினி கண்டுபிடித்துத் தீப்பொறியைப் பிந்தவைத்து அடக்கிவிடும், நமக்குத் தெரியக்கூட வராது. பூஸ்டில் ஓரிரு விநாடி போதும். இன்னொன்று: சூப்பர்சார்ஜரின் பல்லும் பெல்ட்டும் போடும் இரைச்சலை நொக் உணரி நொக்கிங் என்று தவறாக எடுப்பதுண்டு. அதனால் சில டியூனர்கள் உணரியின் கூர்மையைக் குறைத்துவிடுவார்கள். எங்கள் காதை அடைத்துவிடுவது போலத்தான் அது. என் காரில் குறைத்திருந்தார்கள் என்பது பிறகு கணினியின் டியூன் கோப்பைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. உங்கள் டியூனரிடம் இதை நேராகக் கேளுங்கள். எவ்வளவு குறைத்தீர்கள், எந்தச் சுற்றில் குறைத்தீர்கள் என்று. பதில் சொல்லத் தயங்குபவரிடம் காரைக் கொடுக்க வேண்டாம்.

மறுநாள் நானாவின் கராஜில் பிளக்குகளைக் கழற்றினோம். பொக்ஸர் எஞ்சினில் பிளக் பக்கவாட்டில் இருக்கிறது, கழற்றுவதற்கே பாதி நாள் போகும். நான்காம் சிலிண்டர் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள், அவற்றினிடையே ஊசிமுனை அளவில் மினுங்கும் மணிகள். அந்த மணிகள் பிஸ்டனின் அலுமினியம். பூஸ்ட் பூட்டிய எவரும் ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறையாவது பிளக்கைக் கழற்றிப் பூதக்கண்ணாடியால் பார்க்கவேண்டும். இந்தப் புள்ளிகள் எஞ்சின் உடைவதற்கு முன்பே தோன்றத் தொடங்கும். நான் அந்த ஏழு மாதத்தில் ஒருமுறைகூடக் கழற்றவில்லை, இடம் சிரமம் என்பதால்.

சிலிண்டர் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று பார்க்கும் கொம்பிரஷன் சோதனையில் மூன்று சிலிண்டர்கள் 170க்கும் 178 பிஎஸ்ஐக்கும் இடையில். நான்காவது 92. லீக்டவுன் சோதனைக்கு அந்தச் சிலிண்டருக்குள் காற்றை அடைத்தபோது எண்ணெய் ஊற்றும் வாயால் உஸ் என்று வந்தது. வால்வு போயிருந்தால் காற்று இன்டேக் பக்கமோ சைலன்சர் பக்கமோ வரும், எண்ணெய் வாயால் வந்தால் பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் ரிங் பக்கம்தான். இறக்கிப் பிரித்தோம். முதல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் நடுவிலிருக்கும் அலுமினிய விளிம்பு ஒரு பக்கம் உடைந்திருந்தது. உடைந்த துண்டு சுவரில் கீறிய கோடுகளை நானா விரல் நகத்தால் தடவிக் காட்டினார். நகம் மாட்டியது.

"உடைஞ்சது கந்தளாயில. கீறினது வீட்டுக்கு வர்ற வழியில" என்றார்.

நிறுத்தியிருந்தால் பிஸ்டனோடு போயிருக்கும். ஓட்டியதால் பிளொக்கும் போனது.

பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டான கொன்ரொட்டையும் அளந்தோம். அதே சிலிண்டரில் லேசாக வளைந்திருந்தது. இதை விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் குதிரைவலு எண்ணை மட்டும் வைத்துப் பேசுகிறவர்கள் தவறவிடும் இடம் இது. உயர்ந்த சுற்று கொன்ரொட்டை இழுத்துப் பிய்க்கப் பார்க்கும். குறைந்த சுற்றில் வரும் பெரிய முறுக்குவிசையோ அதை அமுக்கி வளைக்கப் பார்க்கும். தொழிற்சாலை எஃப்ஏ20இன் கொன்ரொட் மெலிந்தது, அதன் பலவீனம் அமுக்கத்தில்தான். என்னுடைய இரட்டைத் திருகு வகையும், ரூட்ஸ் வகையும், 2500 சுற்றிலேயே ஏறக்குறைய முழு பூஸ்டைத் தந்துவிடும். ஓட்டுவதற்கு இனிமை அதனால்தான், ஆபத்தும் அதனால்தான். மையவிலக்கு வகை சுற்று ஏற ஏறத்தான் பூஸ்டை ஏற்றும், உச்சத்தில்தான் முழுவதும் வரும். ஒரே 225 குதிரைவலுவைக் காட்டும் இரண்டு கார்களில் கொன்ரொட் படும் பாடு ஒன்றல்ல. தொழிற்சாலை எஞ்சினைத் திறக்காமல் பூட்டப்போகிறவருக்கு என் வாக்கு மையவிலக்கு வகைக்கு. ஏற்கனவே மற்ற வகை பூட்டியிருந்தால், 3500 சுற்றுக்குக் கீழே உயர்ந்த கியரில் அடிவரை அழுத்தாதீர்கள். கியரை இறக்குங்கள். டியூனரிடம் சொல்லி, குறைந்த சுற்றில், காற்றை உள்ளே விடும் திரொட்டில் முழுக்கத் திறக்காதபடி கணினியிலேயே கட்டிவைக்கவும் முடியும். இப்போது என் கார் அப்படித்தான்.

எண்ணெய் விசயத்தில் நான் முன்பு அலட்சியமாக இருக்கவில்லை, ஆனால் பாதி அறிவோடு இருந்தேன். கைநூலில் 0டபிள்யு-20 என்ற மெல்லிய எண்ணெயைப் போட்டிருக்கிறது. அது எரிபொருள் சிக்கனத்தையும் கருதித் தீர்மானித்தது. பூஸ்டும் எங்கள் வெயிலும் சேரும்போது அந்த எண்ணெய் நீர்த்துப்போகும், பேரிங் படலம் மெலியும். இப்போது அதைவிடத் தடித்த 5டபிள்யு-40 ஊற்றி 4,000 கிலோமீற்றரில் மாற்றுகிறேன், எண்ணெய்க் கூலர் ஒன்றும் பூட்டியாகிவிட்டது. யாரும் அதிகம் பேசாத இன்னொரு விசயம், எண்ணெய் ஆவி. பூஸ்டில் ரிங்குகளைத் தாண்டிக் கீழே போகும் வாயு கிராங்க் அறையை நிரப்பி, எண்ணெய்த் துளிகளையும் சுமந்துகொண்டு பிசிவி என்ற வால்வு வழியாக இன்டேக்குக்குத் திரும்பும். எண்ணெய் கலந்த காற்று நொக்கிங்கைத் தூண்டும், 95 ஊற்றியும் 95இன் பலன் கிடைக்காது. நடுவில் கச் கான் என்ற சின்னப் பாத்திரம் ஒன்று வைத்தால் அந்த எண்ணெய் அங்கே தேங்கிவிடும். மாதம் ஒருமுறை அதைத் திறந்து ஊற்றும்போது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்கிறேன். அளவு திடீரென்று கூடினால் ரிங் பேசுகிறது.

எண்ணெய் தடவும் பருத்தி ஃபில்டர் வேண்டாம். அதிகம் தடவினால் மாஃப் கம்பியில் படிந்து, வரும் காற்றைக் குறைத்துக் காட்டும், கலவை வறண்டுபோகும். பிளக்கை ஒரு படி குளிர்ந்த ரகமாகவும், இடைவெளியை 0.7 மில்லிமீற்றர் அளவாகவும் வைப்பது பூஸ்டுக்குப் பொதுவான வழக்கம். பெல்ட்டில் கரித்தூள் படிந்தால் வழுக்குகிறது என்று அர்த்தம்.

பெற்றோலைப் பற்றி எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. 95 அதிகம் விற்கும் நிலையத்தில்தான் நிரப்புகிறேன், குறைவாக விற்கும் இடத்தில் அது நாட்கணக்கில் நிலத்தடியில் கிடக்கும். தூரப் பயணத்தில் பாதித் தொட்டிக்குக் கீழே விடுவதில்லை. வேறு வழியில்லாமல் 92 ஊற்ற நேர்ந்தாலும் கார் ஓடத்தான் செய்யும், பூஸ்ட் ஏறாமல், பொறுமையாக. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்ற நாட்களில் இந்தக் கிட் என்னிடம் இருந்திருந்தால், காரை மூடிவைத்திருக்க வேண்டும். இந்த நாட்டில் பூஸ்ட் பூட்டுகிறவர் அப்படியொரு காலம் திரும்ப வரலாம் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்கவேண்டும். 92க்கென்று தனி டியூன் ஒன்றைக் கணினியில் வைத்துக்கொள்வது அதற்கு ஒரு காப்பு.

கொம்பனி கணினியை அடிப்படையாக வைத்து டியூன் செய்திருந்தால், ஐஏஎம் என்ற எண் ஒன்று உள்ளே இருக்கும். நொக்கிங் இல்லாத நிலையில் அது 1. கணினி நொக்கிங்கைக் கண்டு பின்வாங்கத் தொடங்கினால் அது 1க்குக் கீழே இறங்கும். கைபேசியிலேயே பார்க்கலாம். வாரம் ஒருமுறை பார்க்கிறேன். நொக் உணரி மந்தமாக்கப்பட்டிருந்தால் அந்த எண்ணும் பொய் சொல்லும் என்பதால்தான் மேலே அதை அவ்வளவு வலியுறுத்தினேன். வருடாந்தப் புகைப் பரிசோதனையில் என் கார் நன்றாகத் தேறியது, உடைவதற்கு ஐந்து வாரம் முன்பு. அது நின்ற நிலையில் ஐடிலிலும் 2500 சுற்றிலும் பார்ப்பது, பூஸ்டில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. தேறிவிட்டது என்று நிம்மதி கொள்ளவேண்டாம். காப்புறுதிக் கொம்பனிக்கும் எழுத்தில் அறிவித்துவிடுங்கள். விபத்து நடந்த பிறகு பொனட்டைத் திறந்து பார்த்துத்தான் அவர்கள் தெரிந்துகொள்ளவேண்டும் என்ற நிலை வரக்கூடாது.

செலவு: கிட்டுக்கும் பூட்டுவதற்கும் டியூனுக்கும் கொடுத்ததைக் கூட்டினாலும், எஞ்சினைத் திரும்பக் கட்டியது அதைவிடக் கூட. மனிசி அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அது எனக்கு இன்னும் பாரமாக இருந்தது. நாலு மாதம் மோட்டார் சைக்கிளில் ஏசி வாயு சிலிண்டரைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். வேலைக்கும் குடும்பத்துக்கும் ஒரே ஒரு வாகனம்தான் என்றால் இதில் இறங்காதீர்கள். எஞ்சின் திரும்பக் கட்டும் காசு தனியாக எடுத்துவைக்க முடியாதென்றாலும் இறங்காதீர்கள். இதை மனதார, யாரையும் மட்டம் தட்டாமல் சொல்கிறேன்.

இப்போது உள்ளே இருப்பது வேறொரு பிளொக், வார்த்ததற்குப் பதில் அடித்துச் செய்த பிஸ்டன்கள், அப்படியே அடித்துச் செய்த பலமான கொன்ரொட்கள். பிழிவு விகிதம் 10.5. சூப்பர்சார்ஜரின் கப்பியைப் பெரிதாக்கி பூஸ்டை 5 பிஎஸ்ஐக்கு இறக்கிவிட்டேன். இவ்வளவு பலமான சாமான் போட்டு ஏன் குறைத்தாய் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். செலவழித்த கையிருப்பைத் திருப்பி வாங்கியிருக்கிறேன், அதை இன்னொரு முறை விற்க மனமில்லை. இன்டர்கூலருக்குப் பிறகு, எஞ்சின் வாயிலில், இரண்டாவது காற்று உணரி ஒன்று. அது 70 டிகிரியைத் தாண்டினால் சிவப்பு விளக்கு எரியும், கணினி தானாகத் தீப்பொறியைப் பிந்தவைத்துத் திரொட்டிலையும் அடக்கும். டியூனை டைனோவில் தொடங்கினாலும், முடித்தது வைகாசியில், கச்சான் தொடங்கிய பிறகு, பிற்பகல் இரண்டு மணிக்கு, கந்தளாய் வீதியில். டியூனர் பக்கத்தில் மடிக்கணினியோடு இருந்தார். வேர்த்துக் கொட்டியது அவருக்கு.

பம்பின் இணைப்பியை நானா தன் கையால் மாற்றினார். படகுகளுக்குப் போடும் நீர் புகாத ரகம், உள்ளே கிரீஸ் நிரப்பி, நிலத்திலிருந்து ஒரு சாண் உயர்த்திக் கட்டினார். அன்று அவர் காட்டிய ஒரு வேலையை இன்றும் செய்கிறேன். காலையில் சாவியைத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், இறங்கி வந்து இன்டர்கூலர் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறப்பேன். உள்ளே தண்ணீர் ஒரு பக்கம் சுழித்துக்கொண்டு ஓடவேண்டும். ஓடுகிறது என்றால் மூடியை இறுக்கிப் பொனட்டைச் சாத்துவேன். பத்து விநாடி வேலை. போன மாதம் ஒரு நாள் தண்ணீர் அசையாமல் கிடந்தது. பியூஸ் போயிருந்தது. மாற்றிவிட்டு, அன்று நிலாவெளிக்கு மோட்டார் சைக்கிளில்தான் போனேன், அந்தப் பியூஸ் ஏன் போனது என்று மாலையில் நானா வந்து பார்க்கும்வரை.